ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?

2021 ரெண்டாவது அலையில, எங்க கதிர்காமத்துல இருக்கிற இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிதான் புதுச்சேரியோட முக்கியமான கோவிட் மருத்துவமனை. அந்த மே மாசம் ஒரு ராத்திரி, 12 மணிக்கு, பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க போன் பண்ணாங்க. அவங்க அப்பாவுக்கு வீட்டுலயே ஆக்சிஜன் ஓடுது. "தம்பி, மீட்டர் முள் 50-ல நிக்குது. விடியற வரைக்கும் தாங்குமா?"

பிளஸ் ஒன்ல மனப்பாடம் பண்ண பாயில் விதி அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. வெப்பநிலை மாறலைன்னா, வாயுவோட அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கி வர்ற எண் மாறாது. 1662-ல ராபர்ட் பாயில் சொன்னது. பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்ச நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுதான் மரியோத் விதி.

அவங்க வீட்டுல இருந்தது பி டைப் சிலிண்டர். உள்ளே 10 லிட்டர் இடம். முள் 50 பார் காட்டுது. ரெண்டையும் பெருக்கினா 500. அதாவது, உள்ளே நெருக்கி அடைச்ச வாயு, வெளியே சாதாரண காற்றழுத்தத்துக்கு வந்தா சுமார் 500 லிட்டர். டாக்டர் சொன்ன அளவு நிமிஷத்துக்கு 5 லிட்டர். அப்போ 100 நிமிஷம்தான். 1.40-க்கு முடிஞ்சிடும்.

"அக்கா, ஒரு மணிக்குள்ள மாத்தியாகணும்"னு சொன்னேன். அலைஞ்சு திரிஞ்சு 12.50-க்கு அடுத்த சிலிண்டர் வந்து சேர்ந்துச்சு.

ஆனா முள்ளையும் கண்ணை மூடிட்டு நம்பக் கூடாது. மூடின சிலிண்டர்ல கனஅளவு மாறாது. அதனால சூடு ஏறினா அழுத்தம் ஏறும். இந்தக் கணக்குக்கு செல்சியஸோட 273 கூட்டி கெல்வினா மாத்தணும். நிழல்ல 27 டிகிரின்னா 300 கெல்வின். மே மாச வெயில்ல டெம்போவுல கிடந்து 57 டிகிரி ஆனா 330. பத்து சதவீதம் கூடுது. 100 காட்டின முள் 110 காட்டும். உள்ளே ஆக்சிஜன் துளிகூட கூடல. நிழலுக்கு வந்து ஆறினதும் முள் பழையபடி இறங்கிடும். அதனால ஆறின பிறகு முள்ளைப் பாருங்க, கணக்குல வர்ற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே மாத்துங்க.

சமையல் கேஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதுல இருக்கிறது பெரும்பாலும் திரவம். அது தீர்ற வரைக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். அதனாலதான் அதை எடை போட்டுப் பார்க்கிறோம்.