பணியாளரின் மானமும் அமானிதமே



நபி (ஸல்) அவர்களுக்கு அனஸ் (ரலி) அவர்கள் 10 ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். அக்காலம் முழுவதும் தம்மை ஒருமுறைகூட நபியவர்கள் 'சீ' என்று கடிந்ததில்லை என அறிவித்துள்ளார்கள் (புகாரி).

நம் கடைகளை எண்ணிப் பாருங்கள்! வாடிக்கையாளர் முன்னிலையில் பணியாளரை ஏசும் முதலாளி, கூலியைக் குறைக்காவிட்டாலும் மானத்தைப் பறிக்கிறார். நாற்பது புடவைகளைப் பிரிக்கச் செய்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தையும் கூறாமல் எழுந்து செல்பவரும், முதலாளி இல்லாதபோது வேலையைத் தட்டிக்கழிக்கும் பணியாளரும் இதற்கு விலக்கல்லர்.

விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மை காட்டுபவருக்கு அல்லாஹ்வின் அருளை நபி (ஸல்) அவர்கள் வேண்டினார்கள்.

உங்கள் ஏச்சால் மனம் நொந்தவர் எச்சமயத்தவராயினும், ஜும்ஆ முடிந்து திரும்பியதும் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். மறுமையில் வழக்காகுமுன் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.