வெள்ளி பூசினால் உலோகம் ஆகிவிடுமா?



மாதிரி விமானம் செய்பவர்களிடம் எந்த நிறம் கடினம் என்று கேட்டால், பலர் வண்ணம் பூசாத வெறும் அலுமினியத்தைத்தான் சொல்வார்கள். பிளாஸ்டிக்கை உலோகம் என்று நம்பவைக்கும் அந்தக் கலையை, நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வானில் பறந்த ஒரு விமானத்தை வைத்தே எடைபோடலாம்.

1944 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்கள் நிக்கோபாரைத் தாக்கின. எதிர்த்து எழுந்தவை ஜப்பானியத் தரைப்படையின் 'ஹயபுசா' எனும் கி-43 விமானங்கள். அந்தப் படையின் பல விமானங்களுக்குப் பிரைமர் இல்லாமல், வெறும் தகட்டின் மேலேயே பச்சை அடித்தார்கள். வெயிலும் மழையும் பட்டதும் பச்சை உரிந்து, அலுமினியம் வெளியே தெரிந்தது. ஆக, கி-43 செய்பவர் உலோகத்தையும் காட்ட வேண்டும், உரிந்ததையும் காட்ட வேண்டும்.

சாதாரண வெள்ளிப் பெயிண்ட் இதற்கு உதவாது. அதிலுள்ள உலோகத் துகள் 0.05 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 1/72 அளவு மாதிரியில் அது நிஜ விமானத்தின் மேல் 3.6 மில்லிமீட்டர் துகள் கிடப்பதற்குச் சமம். ஜிகினா தூவியதுபோல் இருக்கும். அதனால்தான் மிக நுண்ணிய துகள் கொண்ட லாக்கரைத் தேடுகிறார்கள். பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சின் மேல், ஏர்பிரஷ்ஷில் அழுத்தத்தைக் குறைத்து, படலம் படலமாக அடிக்கிறார்கள். அடியில் ஒரு கீறல் இருந்தாலும் மேலே காட்டிக்கொடுத்துவிடும். மழைநாளில் அடித்தாலோ காற்றின் ஈரம் படிந்து லாக்கர் வெளுத்துப்போகும். போர்ட் பிளேயரில் இந்த வேலைக்கு நாள் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

எல்லாத் தகடும் ஒரே மாதிரி மின்னினால் அது பொம்மை. சிலவற்றைப் பெயிண்ட் படாமல் மறைத்து, மற்றவற்றுக்குச் சற்றே மங்கிய சாயல் கொடுக்க வேண்டும். பிறகு வெள்ளிக்கு மேல் ஹேர் ஸ்பிரே, அதன் மேல் பச்சை. நனைத்த பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால் பச்சை சில்லுச் சில்லாகப் பெயரும்.

கைத்திறனை விட அறிவு தெரிவது இங்கேதான். விமானி ஏறி மிதிக்கும் இறக்கையடி, மெக்கானிக் அடிக்கடி திறக்கும் எஞ்சின் மூடி, காற்று மோதும் முன்விளிம்பு ஆகியவை உரியலாம். வால் சுக்கானோ துணி போர்த்தியது. அங்கே வெள்ளி எட்டிப்பார்த்தால், செய்தவருக்கு ஏர்பிரஷ் தெரியும், விமானம் தெரியாது என்று பொருள். அடுத்த முறை ஒரு மாதிரி விமானத்தைப் பார்த்தால், பளபளப்பை விட்டுவிட்டு முதலில் வாலைப் பாருங்கள்.