ஏறாத கார் கண்ணாடி: மோட்டாரை மாற்றச் சொல்லும் முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாம் முடிந்ததும் உங்களுக்குப் பத்து நிமிடம்" என்றார் செயலாளர். அதற்குள் பாதிப் பேர் டீ பக்கம் நகர்ந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். கோயில் வாசலில் பூ வாங்க என் மனைவி தன் பக்கத்துக் கார் கண்ணாடியை இறக்கினார். இறங்கிய கண்ணாடி ஏறவே இல்லை. அவர் பக்கத்து சுவிட்சை அழுத்தினார், நான் என் பக்கத்து சுவிட்சை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. இங்கே திறந்தவெளி பார்க்கிங்கில் வந்து நிறுத்தும்போது மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. நம் வாட்ச்மேன் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதைக் கதவின் மேல் போர்த்தி, ஓரத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். கதவு இடுக்கு அதைப் பிடித்துக்கொண்டது. சீட் தப்பியது.

மறுநாள் ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். சுவிட்சை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சு சார். ரெகுலேட்டரோடு சேர்த்து 7,500 ஆகும்" என்றார்கள். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. பழுதைத் தேட நேரம் பிடிக்கும். மொத்தமாக மாற்றிவிடுவது சுலபம். ஆனால் என் காரில் போயிருந்தது ஒரே ஒரு வயர். அதைச் சரிசெய்ய ஆன செலவு 400 ரூபாய். அதனால்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பேட்டரியிலிருந்து மின்சாரம் ஃபியூஸ் வழியாக சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து கதவுக்குள் இருக்கும் சிறிய 12 வோல்ட் மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் சுற்றும்போது ரெகுலேட்டர் என்ற அமைப்பு கண்ணாடியைத் தூக்குகிறது. சில கார்களில் அது கத்தரிக்கோல் போல் விரியும் இரும்புக் கைகள். பல கார்களில் கப்பி மேல் ஓடும் கேபிள். கண்ணாடியின் இரு ஓரமும் ரப்பர் பீடிங்குக்குள் வழுக்கிச் செல்கிறது. அவ்வளவுதான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதை, ஒரு திருகாணியைக் கூடக் கழற்றாமல் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் கேள்வி: எல்லாக் கண்ணாடிகளும் நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா? எல்லாமே நின்றிருந்தால் நான்கு மோட்டாரும் ஒரே நாளில் கெட்டிருக்காது. ஃபியூஸைப் பாருங்கள். அது எங்கே இருக்கிறது என்பது கார் கையேட்டில் இருக்கும். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் உள்ளதையே போடுங்கள். மஞ்சள் 20 ஆம்பியர், பச்சை 30 ஆம்பியர். 20 இருந்த இடத்தில் 30 போடுவதும், வயரைச் சுற்றி ஒப்பேற்றுவதும் காருக்கே தீ வைப்பது போல.

இரண்டாவது: டிரைவர் பக்கத்திலிருந்து அழுத்தினால் வேலை செய்கிறது, அந்தந்தக் கதவில் அழுத்தினால் வேலை செய்யவில்லை என்றால், டிரைவர் கதவில் இருக்கும் லாக் பட்டனைப் பாருங்கள். யாராவது தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். சிரிக்காதீர்கள், இதற்காக வொர்க்‌ஷாப் வரை போனவர்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். லாக் போடவில்லை என்றால் கோளாறு அந்தக் கதவின் சுவிட்சில். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது: காது கொடுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப் கழன்றிருக்கும். சத்தமே இல்லை என்றால், இருட்டிய பிறகு இக்னிஷனைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், உள் விளக்கை எரியவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, ஆனால் ஏதோ இறுகி நிற்கிறது. மங்காவிட்டால் மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம்.

நான்காவது: கண்ணாடி மெதுவாக, முனகிக்கொண்டு ஏறுகிறதா? ஒருவர் சுவிட்சை அழுத்த, இன்னொருவர் கண்ணாடியின் இருபுறமும் உள்ளங்கைகளை வைத்து மேலே தள்ளிக் கொடுங்கள். அப்போது ஏறிவிட்டால், நம் தூசியிலும் வெயிலிலும் பீடிங் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈரத் துணியால் பீடிங்கின் பள்ளத்தைத் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். தேங்காய் எண்ணெய், கிரீஸ் வேண்டாம். தூசியை இன்னும் ஒட்டவைக்கும், நாளடைவில் ரப்பரையும் கெடுக்கும்.

ஐந்தாவதுதான் என் கதை. கதவும் காரும் சேரும் கீல் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் வயர்கள் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்கின்றன. பல வருடம் கழித்து ஒன்று அறுந்துவிடும். இதைச் சோதிக்க, சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் கண்ணாடி அசைந்தால் வயர்தான்.

நான் இதை முதலில் செய்யவில்லை. டோர் பேடைக் கழற்றி, மோட்டார் இணைப்பில் மீட்டர் வைத்தேன். மின்சாரம் வரவில்லை. இணைப்பைப் பிரித்து பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுத்தேன். கண்ணாடி ஜம்மென்று ஏறியது. "செத்துப்போன" மோட்டார் அது! அதன் பிறகுதான் கதவை ஆட்டிப் பார்த்தேன். தெருமுனை எலக்ட்ரீஷியன் அரை மணியில் வயரைச் சேர்த்துக் கொடுத்தார்.

இங்கேயே முடிந்திருந்தால் இது வெறும் 7,100 ரூபாய் மிச்சப்படுத்திய கதை. பேடைத் திரும்ப மாட்டுவதற்கு முன் கதவுக்குள் கையை விட்டு ஒரு கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சாவி இக்னிஷனில் இருந்தது. ஐந்து வயதுப் பேரன் டிரைவர் சீட்டில் ஏறி, "தாத்தா, சரியாயிடுச்சா?" என்று சுவிட்சை அழுத்தினான். ரெகுலேட்டர் கை என் விரலை நசுக்கியது. மூன்று தையல். இதோ தழும்பு. அவன் அன்று முழுக்க அழுதான். தப்பு அவனுடையது அல்ல, என்னுடையது.

அந்தக் கை இருந்த இடத்தில் அவன் கழுத்து இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை இன்னும் விடவில்லை. கண்ணாடி தடை பட்டால் தானாக இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறோம். பல கார்களில் அந்த வசதி டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்கு மட்டும்தான். சிலவற்றில் அதுவும் கிடையாது. அதனால் நான்கு வேண்டுகோள். கதவுக்குள் கை போகும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். காரைவிட்டு இறங்கினால், ஒரு நிமிடம்தான் என்றாலும், சாவி உங்கள் கையில் இருக்கட்டும். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் லாக் பட்டனைப் போடுங்கள். கண்ணாடியை ஏற்றும் முன் திரும்பிப் பாருங்கள்.

வேலையை வொர்க்‌ஷாப்பில் கொடுத்தாலும் இரண்டு விஷயம் கேளுங்கள். "மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தீர்களா?" என்பது ஒன்று. பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டச் சொல்வது இன்னொன்று. அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் காருக்குள் கசியும்.

மீட்டரும் சிலிகான் ஸ்ப்ரேயும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிறு காலை பார்க்கிங்கில்தான் இருப்பேன். மழை தொடங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பேரனும் வருவான். சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது இப்போது அவன் வேலை.

டீ ஆறிவிடப் போகிறது, போகலாம்.