இறுகிப்போன கியர் வயர்: கழற்றுவதும் மாற்றுவதும்

(தோட்ட சனசமூக நிலையத்தில் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நலன்புரி உத்தியோகத்தர் என்றால் தடுப்பூசி, குடிதண்ணீர், கக்கூசு, பிள்ளை மடுவம் என்றுதான் பேசுவார், இன்றைக்கு என்ன சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று சில பேர் பார்க்கிறீர்கள். காரணம் இருக்கிறது. நம்முடைய லயங்களில் திண்ணை ஓரத்தில் சாத்தி வைத்த சைக்கிள்களைப் பாருங்கள். டயர் நல்லாயிருக்கும், செயின் நல்லாயிருக்கும். கேட்டால், "கியர் விழுவதில்லைங்க, கடையில் முழு செட்டும் மாற்றணும் என்கிறார்கள், காசு இல்லை" என்று பதில் வரும். அந்தப் பிள்ளை பின்நேர வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடும். ஆனால் கழற்றிப் பார்த்தால் அநேகமாகக் கெட்டிருப்பது வயர் மட்டும்தான். முழுச் சைக்கிளிலும் விலை குறைந்த சாமான்களில் அது ஒன்று.

நமது மலைநாட்டில் வயர் ஏன் சீக்கிரம் இறுகுகிறது? ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை மழை. பதுளை, ஹப்புத்தளை பக்கம் வருடக் கடைசியில் பிடித்துக்கொள்ளும். மழை இல்லாத நாளில் பனிமூட்டம். உள் வயரைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது அல்லவா, அதற்குள்ளே தண்ணீர் ஒரு தடவை இறங்கினால் சுலபத்தில் காயாது. துரு பிடிக்கும். அதோடு சேறு. உர மூட்டையை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னும் மோசம், உரத்தூள் இரும்பை அரித்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலர் வயருக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். காலையில் உங்கள் வீட்டுப் போத்தலில் அந்த எண்ணெய் எப்படி இருக்கிறது? வெள்ளையாக உறைந்துதானே இருக்கிறது! உறைக்குள்ளேயும் அப்படித்தான் உறையும். தடித்த கிறீசும் குளிரில் இறுகும். தையல் மெசினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெயே போதும்.

இப்போ வேலை நடக்கிற விதத்தைக் கவனியுங்கள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், இரண்டு சின்னச் சக்கரத்தோடு தொங்குகிற பாகத்தைப் பின் கியர் என்று சொல்வோம். லீவரை அழுத்தினால் வயர் இழுபட்டு, அது செயினைப் பெரிய பல்சக்கரத்துக்குத் தள்ளும். திரும்பச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டு வருவது வயர் அல்ல, பின் கியருக்குள் இருக்கிற ஸ்பிரிங். நம் பெருவிரலுக்கு இருக்கிற பலம் அந்த ஸ்பிரிங்குக்கு இல்லை. ஆகவே வயர் இறுகினால் ஏற்றத்துக்கு லேசான கியர் விழும், திரும்பி வராது. அல்லது நாலு தடவை மிதித்த பிறகு திடீரென்று "டக்" என்று விழும். இந்த அடையாளம் தெரிந்தால் பின் கியர் கெட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் உடனே நம்ப வேண்டாம். வயர் அறுந்தே போனால் செயின் சின்னப் பல்சக்கரத்திலேயே நிற்கும். அதுதான் மிதிக்கக் கஷ்டமான கியர், ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் வரணும்.

(ஜப்பானிலிருந்து வருகிற பழைய சைக்கிள் சிலவற்றில் கியர் பின் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். அதைக் கழற்றுகிற முறை வேறு.)

எந்த இடத்தில் இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஸ்பேனர்கூடத் தேவையில்லை. பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைச் சுற்றி, செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றுங்கள். பிறகு பெடலைச் சுற்றாமல், லீவரை மட்டும் கடைசி வரை விட்டுவிடுங்கள். இப்போ வயர் தொய்ந்து நிற்கும். பிரேமில் உறை வந்து உட்காருகிற பிடிகளில் பக்கத்தில் பிளவு இருந்தால் உறை அதிலிருந்து கையாலேயே வெளியே வரும். ஒவ்வொரு துண்டு உறையையும் வயரின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது நல்லது. நகராத துண்டுதான் குற்றவாளி. பெரும்பாலும் அது பின் கியருக்குப் பக்கத்தில் வளைந்து போகிற கடைசித் துண்டாக இருக்கும். சேறும் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேருகிறது.

கொஞ்சம் இறுக்கமாக நகர்ந்தால் வயரைத் துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டிவிடலாம். பத்து நிமிட வேலை. வயரில் ஒரு நூல் அறுந்திருந்தாலும், உறை நசுங்கியோ வெடித்தோ இருந்தாலும் எண்ணெய் விட்டு ஏமாற வேண்டாம், மாற்றியே ஆகணும்.

மாற்றுவதற்கு முதலில் செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டு வந்து, லீவரை முழுவதும் விட்டு வையுங்கள். அப்போதுதான் வயரின் தலைக்கட்டை லீவரின் துவாரத்துக்கு நேரே நிற்கும். இது தெரியாமல்தான் பல பேர் லீவரையே உடைக்கிறார்கள். வயர் நுனியில் உள்ள தொப்பியை வெட்டி எடுத்து, பின் கியரில் வயரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, உறைத் துண்டுகளைக் கழற்றி, லீவர் பக்கம் வயரை உள்ளே தள்ளினால் தலைக்கட்டை வெளியே வரும்.

வரவில்லை என்றால் குறட்டால் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். தலைக்கட்டை பிய்ந்து லீவருக்குள் மாட்டிக்கொண்டால் பெரிய தொல்லை. இறுகிய உறையின் மேல்வாயில் மெல்லிய எண்ணெயோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து விட்டு, இராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். சக்கர விளிம்பிலோ பிரேக் கட்டையிலோ ஒரு சொட்டும் விழக்கூடாது, பழைய துணியால் மூடுங்கள். மண்ணெண்ணெய் கையாளும்போது அடுப்பும் பீடியும் தூரத்தில் இருக்கட்டும். காலையில் உறையைக் கையால் முறுக்கி அசைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் உறை போனால் போகட்டும், வெட்டிவிடுங்கள். ஆனால் லீவருக்குப் பக்கத்தில் ஒட்ட வெட்டாமல் நாலு விரல் நீளம் வால் விட்டு வெட்டணும். அந்த வாலைப் பிடித்துத்தான் தலைக்கட்டையை வெளியே தள்ள முடியும்.

கடைக்குப் போகும்போது பழைய வயரையும் உறையையும் கையோடு கொண்டு போங்கள். கியர் வயர் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, தலைக்கட்டை சின்னது. பிரேக் வயர் 1.5 அல்லது 1.6 மில்லிமீற்றர், தலைக்கட்டை பெரியது.

உறையைப் பற்றி நான் சொல்வதைத் தயவுசெய்து நன்றாகக் கேளுங்கள். கியர் உறையை வெட்டிய வாயில் பார்த்தால் சின்னச் சின்னக் கம்பிகளின் நுனி வட்டமாகத் தெரியும். அந்தக் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகிறவை, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது மேலே உள்ள பிளாஸ்டிக் மட்டும்தான். சாதாரண பிரேக் உறையில் ஒரே கம்பி ஸ்பிரிங் மாதிரிச் சுற்றியிருக்கும். மிச்சம் இருக்கிறதே என்று கியர் உறையைப் பிரேக்குக்குப் போடாதீர்கள். இறக்கத்தில் முழுப் பலத்தோடு பிரேக்கைப் பிடிக்கும்போது அது வெடித்துப் பிரிந்துவிடக்கூடும். கொழுந்து லொறி ஏறி வருகிற முடக்கில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

புதிய உறையைப் பழைய உறையின் நீளத்துக்கே வெட்டுங்கள். வெட்டிய வாய் நசுங்கியிருந்தால் அரத்தால் மட்டமாக்கி, ஊசியால் உள்துவாரத்தைத் திறந்து, நுனித் தொப்பியைப் போடுங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், உறை இழுபடக்கூடாது. வயரை லீவரிலிருந்து கோர்த்து வந்து, பின் கியரில் உள்ள திருகு குமிழை முழுக்க உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுத்து, வயரைக் கையால் இழுத்துப் பிடித்து நட்டை இறுக்குங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் மிச்ச வயரை வெட்டணும். முதலிலேயே வெட்டினால் நூல் பிரிந்து எதிலும் நுழையாது.

செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் குமிழை இடப்பக்கமாக அரைச் சுற்று வெளியே திருகுங்கள். சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாக உள்ளே. புது வயர் இரண்டொரு நாளில் கொஞ்சம் தொய்யும், அப்போது மறுபடி அரைச் சுற்று. பின் கியரில் இருக்கிற இரண்டு சின்னத் திருகாணியைத் தொட வேண்டாம். அதைத் தப்பாகத் திருகினால் செயின் சக்கரக் கம்பிக்குள் போய் மாட்டும்.

பிரேக் வயரும் இதே மாதிரித்தான் இறுகும். பிடித்த பிரேக் திரும்பி விடாமல் கட்டை சக்கரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். நம்ம பிள்ளைகள் அப்போது என்ன செய்கிறார்கள்? உரசல் நிற்பதற்காக வயரைத் தளர்த்திவிடுகிறார்கள்! சைக்கிள் லேசாக ஓடும், இறக்கத்தில் பிடித்தால் லீவர் ஹாண்டில் வரைக்கும் வந்து முட்டும். அம்மாமாரே, உங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. காலையில் பிள்ளை புறப்படும்போது இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். லீவர் ஹாண்டிலில் முட்டினாலோ, விட்டதும் திரும்பி வராவிட்டாலோ அன்றைக்கு நடந்து போகட்டும். கியர் வயர் ஒரு வாரம் காத்திருக்கலாம், பிரேக் வயர் காத்திருக்காது.

இப்போ பேச்சு போதும். அந்தப் பச்சைச் சைக்கிளை இப்படிக் கொண்டு வாங்க தம்பி. கடைசித் துண்டுதான் இறுகியிருக்கிறதா என்று முதலில் நீங்களே நகர்த்திப் பாருங்கள்.