உத்தியோகமும் தேகாப்பியாசமும்

"தேகாப்பியாசத்துக்கு நேரம் எங்கே?" கந்தோருக்குச் செல்வோரிடம் இவ்விடயத்தைப் பேசத் தொடங்கியதும் முதலில் வரும் விடை இதுவே. இவ்விடையைப் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. விடியற்காலையிற் புகையிரதம் பிடித்து, பகல் முழுவதும் மேசைமுன் அமர்ந்திருந்து, பொழுதுபட்டபின் வீடு திரும்பிப் பிள்ளைகளின் பாடத்தையும் பார்ப்பவருக்கு நேரம் உண்மையிலேயே அரிது. பெண்ணாயின், அதன்மேல் அடுக்களை வேலையும் காத்திருக்கும். ஆகவே, தனியாக நேரம் உண்டா என்று கேட்பதைவிட, அன்றாட அலுவலுக்குள்ளேயே உடலசைவுக்கு இடமுண்டா என்று கேட்பதே பொருத்தமாகும்.

அக்கேள்விக்குச் சிறந்த விடையொன்று இலண்டன் மாநகரத்துப் பஸ் வண்டிகளிற் கிடைத்தது. ஜெரி மொறிஸ் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும், 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியரின் சுகநிலையை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அக்காலத்து இரட்டைத்தட்டுப் பஸ்ஸில் இருவர் கடமையாற்றினர். சாரதி, வேலைநேரத்தின் பெரும்பகுதியை ஆசனத்திலேயே கழித்தார். நடத்துநரோ, சீட்டு வழங்குவதற்காக நாள்தோறும் பல நூறு படிகள் ஏறி இறங்கினார். வண்டி ஒன்று, வீதி ஒன்று, சுவாசித்த புகையும் ஒன்று. ஆயினும் இருதய நோய் சாரதிகளிலும் பார்க்க நடத்துநரிடையே குறைவாகக் காணப்பட்டது. நோய் கண்டவர்களுள் விரைவில் உயிரிழந்தோரும் நடத்துநரிடையே குறைவாயிருந்தனர். நடந்து திரிந்து கடிதம் வழங்கிய தபாற்சேவகரை, இருந்த இடத்தில் வேலை செய்த தபாற்கந்தோர் ஊழியரோடு ஒப்பிட்டபோதும் அதே போக்குத் தென்பட்டது.

சாரதிகள் இயல்பாகவே பருத்தவர்களாயிருக்கலாம் அன்றோ என்று சிலர் ஐயுறலாம். மொறிஸ் அவர்களும் அவ்வாறே ஐயுற்றார். ஊழியருக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவை ஆராய்ந்து, இளவயதிலேயே சாரதிகளின் இடுப்பு அகன்றிருந்ததை 1956இல் அவரே வெளியிட்டார். வேறுபாட்டில் ஒரு பங்கு அதனாலும் வந்திருக்கலாம். எனினும், உடலசைவு இருதயத்தைக் காக்கும் என்பதைப் பிற நாடுகளில் நடந்த பல ஆராய்ச்சிகளும் பின்னர் உறுதிப்படுத்தின.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நடத்துநர்கள் அப்படிகளை ஏறியது உடற்பயிற்சிக்காகவன்று. அவர்களுடைய தொழிலே அவர்களை ஏறச் செய்தது. இன்றைய மேசைத் தொழில் அவ்வாறு செய்வதில்லையாதலால், அப்படிகளைத் தாமே தேடிக்கொள்ளவேண்டியது ஒவ்வொருவரின் பொறுப்பாகிறது.

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டுமென்பது உலக சுகாதார தாபனம் 2020இல் வெளியிட்ட அறிவுரை. வேகமாக நடக்கையிற் பேச முடியும், பாட முடியாது என்ற நிலையே மிதமான உழைப்பு. ஒரேதடவையிற் குறைந்தது 10 நிமிடமாவது செய்யவேண்டுமென்ற முன்னைய நிபந்தனையும் அவ்வாண்டிற் கைவிடப்பட்டது. வீட்டைக் கூட்டுவதும், நீர் சுமப்பதும், படியேறுவதும் கணக்கிற் சேரும்.

150 நிமிடத்தை ஐந்து வேலைநாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 30 நிமிடம். காலையிற் புகையிரத நிலையத்துக்கு 15 நிமிடம், மாலையில் வீட்டுக்கு 15 நிமிடம் விரைந்து நடந்தால் அது நிறைவேறிவிடும். கொழும்புக் கோட்டையில் வேலை முடிந்து தெற்கே செல்வோர், காலிமுகத்திடலைக் கால்நடையாகக் கடந்து கொள்ளுப்பிட்டியிற் பஸ் ஏறலாம். மழைக்காலத்திற் கந்தோர்ப் படிக்கட்டே போதுமானது. வாரத்தில் இரு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். இருதய நோயுள்ளோரும், நடக்கையில் நெஞ்சுவலி காண்போரும் வைத்தியரைக் கலந்தே தொடங்குதல் வேண்டும்.

வேலை ஓய்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்போருக்கு அந்த ஓய்வு வாய்ப்பதேயில்லை. ஐம்பது வயதிற் குடும்பத் தலைவர் ஒருவர் மாரடைப்பால் வீழ்ந்தால், அவரை நம்பியிருந்தோர் அனைவரும் தளர்ந்துபோவர். நீச்சலையும் நடையையும் தம் வாழ்வின் வழக்கமாக்கிக்கொண்ட மொறிஸ் அவர்கள் 2009இல், தமது 99ஆவது வயதிலேயே காலமானார். நாளைக் காலை பஸ் தரிப்பிடமொன்றை விட்டு அடுத்த தரிப்பிடம்வரை நடப்பது, எந்த உத்தியோகத்தருக்கும் இயலக்கூடிய தொடக்கமாகும்.