கைது வேறு, தீர்ப்பு வேறு

(நம் சபையின் ஆண்டு விழாவை ஒட்டி நடந்த குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நர்ஸ் பேசப்போகிறார் என்றால் சர்க்கரையைப் பற்றியும் பிரஷரைப் பற்றியும்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அதைப் பேசவில்லை. "விசா இல்லாதவர்கள் எல்லாம் குற்றவாளிகள், கணக்கே சொல்கிறது" என்ற பேச்சைப் பற்றிப் பேசப்போகிறேன். பிள்ளைகள் இதைப் போனில் பார்க்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். பெரியவர்களாகிய நம்மில் சிலரும் தேநீர் நேரத்தில் இதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "நாங்கள் வந்தது வேறு, இப்போது படகில் வருகிறவர்கள் வேறு" என்கிறோம்.

பேச்சு பேச்சோடு நின்றால் பரவாயில்லை. 2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த அகதி என்று சில மணி நேரத்தில் பொய்ச் செய்தி பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். ஆனால் உண்மை தெரிவதற்குள் பல ஊர்களில் கலவரம் மூண்டுவிட்டது. அகதிகள் தங்கியிருந்த ஹோட்டல்களுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். சண்டர்லண்டில், அவசர வேலைக்கு அழைக்கப்பட்டு டாக்சியில் போன பிலிப்பைன்ஸ் நாட்டு நர்சுகள் இருவர்மீது கல் எறிந்தார்கள். அவர்களுக்கு விசா இருந்தது, வேலையும் இருந்தது. கல் எறிகிறவர்கள் அதையெல்லாம் கேட்டுவிட்டு எறிவதில்லை.

ஆகையால், இப்படி ஓர் எண் உங்கள் முன் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றும் நான் வார்டில் தினமும் கேட்கும் கேள்விகள்தான்.

முதல் கேள்வி: சந்தேகமா, உறுதியா?

ஒருவர் மூன்று வாரமாக இருமிக்கொண்டு, எடை குறைந்து வருகிறார். காசநோயாக இருக்குமோ என்று அவரைத் தனி அறையில் வைக்கிறோம். சளியைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். முடிவு வரும்வரை அவர் சந்தேகத்துக்குரியவர், நோயாளி என்று எழுத மாட்டோம். தனி அறையில் வைத்த எல்லாரையும் காசநோயாளிகள் என்று எண்ணினால் மிச்சத்தில் பெரிய கொள்ளைநோய் வந்தது போல இருக்கும்.

கைது என்பது அந்தத் தனி அறை. போலீசுக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் கைது செய்யலாம். விசாரித்த பிறகு வழக்கே போடாமல் அனுப்பப்படுகிறவர்கள் ஏராளம். நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னால்தான் அது தீர்ப்பு. கைது எண்ணிக்கையைக் காட்டி "இத்தனை குற்றவாளிகள்" என்று எழுதுவது, பரிசோதனை முடிவு வருமுன் நோய்ப் பெயரை எழுதுவது போன்றது.

இந்த நாட்டில் இன்னொரு வகைக் கைதும் இருக்கிறது. உணவகத்திலோ கார் கழுவும் இடத்திலோ ஹோம் ஆபீஸ் அதிகாரிகள் நுழைந்து, விசா இல்லாதவரைப் பிடித்துத் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோகிறார்களே, அது. அவர்களில் பெரும்பாலானோர்மீது குற்ற வழக்கு எதுவும் கிடையாது. அது நாட்டை விட்டு அனுப்புவதற்கான நிர்வாக நடவடிக்கை. 2024இல் மட்டும் சுமார் 20,000 பேர் இப்படித் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள். எத்தனை நாள் வைக்கலாம் என்று சட்டத்தில் முடிவான வரம்பும் இல்லை. திருடியதற்காகப் பிடிபட்டவரையும் விசா முடிந்ததற்காகப் பிடிபட்டவரையும் "கைது" என்ற ஒரே சொல்லில் போட்டால் கேட்கிறவருக்கு எப்படி வேறுபாடு தெரியும்?

இரண்டாவது கேள்வி: என்ன குற்றம்?

2022இல் வந்த சட்டத்தின்படி, முன் அனுமதி இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்து சேர்வதே குற்றம். நான்கு ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். அந்த ஆண்டு 45,000க்கும் மேற்பட்டோர் சிறு படகுகளில் வந்தார்கள். அவர்களில் மிகச் சிலர்மீதுதான் வழக்குப் போடப்பட்டது. ஆனாலும் அப்படித் தண்டனை பெற்றவர் "தண்டனை பெற்ற வெளிநாட்டவர்" கணக்கில் ஒருவராகச் சேர்கிறார். அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. வந்ததுதான் குற்றம்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய், தகுந்த காரணம் சொல்கிற அகதியைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்பது அதன் சாரம். பிரிட்டனும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. அப்படியிருந்தும் போலிப் பாஸ்போர்ட்டில் வந்த அகதிகள் வரிசையாகச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அது அந்தப் பிரிவுக்கு முரணானது என்று 1999இல் உயர்நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும், தப்பான சட்ட ஆலோசனையால் "குற்றம் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டு தண்டனை பெற்ற பலரின் தீர்ப்புகள் பல ஆண்டுகள் கழித்து மறுபரிசீலனையில் ரத்தாயின. ஆகவே தீர்ப்பு எண்ணிக்கை கைது எண்ணிக்கையைவிட நம்பகமானது என்றாலும், அதையும் என்ன குற்றத்துக்கு என்று கேட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் மூத்தவர்களுக்கு 1987 நினைவுக்கு வரும். பிள்ளைகளே, உங்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் இலங்கைத் தமிழர் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஹீத்ரோவில் வந்து இறங்கி அடைக்கலம் கேட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, பலர் விமானத் தளத்திலேயே மேலாடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்றார்கள். பிப்ரவரிக் குளிர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்து வந்த சட்டம், உரிய பத்திரம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதே ஆண்டு, தமிழர் உட்பட அடைக்கலம் கேட்டவர்களை ஹாரிச் துறைமுகத்தில் எர்ல் வில்லியம் என்ற கப்பலில் அடைத்து வைத்தார்கள். அக்டோபர் பெரும்புயலில் கப்பல் கட்டறுந்து போனது. பிறகுதான் அவர்களை வெளியே விட்டார்கள்.

வில்வராஜா வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் வாசிக்கும் வழக்கில் இருந்தவர்கள் ஐந்து தமிழ் இளைஞர்கள். 1988 பிப்ரவரியில் அவர்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1989இல் மேல்முறையீட்டில் அவர்கள் பக்கம் முடிவானது. அவர்களை மறுபடி இங்கே வரவிட்டார்கள். 1988 கணக்கில் அவர்கள் உரிமையில்லாமல் வந்து வெளியேற்றப்பட்டவர்கள். 1989 கணக்கில் தங்க அனுமதி பெற்றவர்கள். ஆட்கள் மாறவில்லை. இன்று படகில் வருகிறவரைப் பற்றி வாய் திறக்குமுன் இந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வி: எத்தனை பேரில்?

ஒரு வார்டில் மாதம் ஐந்து நோயாளிகள் தவறி விழுந்தார்கள், இன்னொன்றில் எட்டுப் பேர். எந்த வார்டு மோசம்? படுக்கை எத்தனை என்று தெரியாமல் சொல்ல முடியாது. அதனால்தான் நாங்கள் 1,000 படுக்கை நாட்களுக்கு எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்கிடுகிறோம்.

இந்த நாட்டில் விசா இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களை யாரும் வாசலில் நின்று எண்ணவில்லை. மதிப்பீடுதான் உண்டு. 2001ஆம் ஆண்டுக்கு ஹோம் ஆபீஸ் மதிப்பீடு 430,000. 2007 முடிவுக்கு லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் சொன்னது 618,000. ஆனால் அது 417,000 ஆகவும் இருக்கலாம், 863,000 ஆகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள்.

பிள்ளைகளே, கணக்குப் போடுவோம். ஒரு பேச்சுக்கு, அவர்களில் 8,000 பேர் குற்றம் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 417,000ஆல் வகுத்தால் ஆயிரத்துக்குச் சுமார் 19 பேர். 863,000ஆல் வகுத்தால் ஆயிரத்துக்குச் சுமார் 9 பேர். குற்றம் ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை. கீழே போட்ட எண் மாறியதால் விடை பாதியாகிவிட்டது.

மேலே போடும் எண்ணாவது சரியாகத் தெரியுமா? இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் கைது விவரங்கள் வழக்கமாக வயது, பால், இனம் என்று பிரித்து வெளியாகின்றன. விசா உண்டா இல்லையா என்று பிரித்து அல்ல. சிறைக் கணக்கில் நாட்டுரிமை இருக்கிறது. சிறையில் இருப்பவர்களில் சுமார் 12 விழுக்காட்டினர் வெளிநாட்டவர். 2021 மக்கள்தொகைக் கணக்கில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருந்தவர்கள் சுமார் 10 விழுக்காடு. அந்த 12இல் முறையான விசாவோடு இருக்கிறவர்களும் உண்டு, தண்டனை முடிந்தும் நாடு கடத்தலுக்காக வைக்கப்பட்டிருப்பவர்களும் உண்டு. எந்த நாட்டிலும் சிறையில் அதிகம் இருப்பது இளம் ஆண்கள். புதிதாகக் குடியேறுகிறவர்களிலும் இளையவர்கள்தான் அதிகம். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் "கணக்கே சொல்கிறது" என்று அடித்துப் பேச அங்கே ஒன்றும் இல்லை.

ஒழுங்காக எண்ணிப் பார்த்த ஓர் இடம் உண்டா என்றால், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சொல்லலாம். அங்கே கைதாகும் ஒவ்வொருவரின் கைரேகையும் மத்திய அரசுக்குப் போய், குடியேற்ற நிலையும் சரிபார்க்கப்பட்டு, மாநிலப் பதிவில் சேர்கிறது. 2012 முதல் 2018 வரையான அந்தப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2020 டிசம்பரில் வெளியானது. சட்டப்பூர்வ அனுமதி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள் வன்முறைக் குற்றத்துக்குக் கைதாகும் வீதம் இரண்டு மடங்குக்கு மேல், போதைப்பொருள் குற்றத்துக்கு இரண்டரை மடங்கு, சொத்து தொடர்பான குற்றத்துக்கு நான்கு மடங்குக்கு மேல். கைதை விட்டுத் தீர்ப்புகளை எடுத்தாலும் இதே போக்குதான்.

இதை மறுத்தவர்களும் உண்டு. சிறைக்குப் போன பிறகே அனுமதியில்லாதவர் என்று தெரியவந்தவர்களையும் சேர்க்க வேண்டும், சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்றார்கள். அதையும் உங்களுக்குச் சொல்லவே வேண்டும். நமக்குப் பிடித்த எண்ணுக்கு ஒரு தராசு, பிடிக்காத எண்ணுக்கு ஒரு தராசு வைப்பது சரியல்ல. உபாகமத்தில் எடைக்கற்களைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்தீர்களே, அது கடைக்காரர்களுக்கு மட்டும் சொன்னது இல்லை. டெக்சாஸ் கணக்கு லண்டன் கணக்கும் ஆகாது. அனுமதியில்லாமல் இருப்பவர்களில் கொடிய குற்றம் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தண்டிக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் கண்ணீருக்கு விழுக்காடு பதில் ஆகாது. ஆனால் ஒருவர் செய்ததை அவரோடு ஒரே வரிசையில் நின்றவர்கள்மேல் எழுதக் கூடாது.

கடைசியாக, நர்சாக ஒரு வார்த்தை. "எல்லாரும் எங்களைக் குற்றவாளி என்கிறார்கள்" என்று பயந்து வீட்டுக்குள் இருக்கிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். முன்பே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் நோய், தாமதத்தால் ஐ.சி.யூ.வில் முடிகிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 2017 தொடக்கத்தில் நோயாளிகளின் முகவரி விவரங்களை ஹோம் ஆபீசுக்குக் கொடுக்க ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. டாக்டர்களும் தொண்டு நிறுவனங்களும் எதிர்த்ததால் 2018இல் அது திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்கும் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவு செய்ய விசாவோ பாஸ்போர்ட்டோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. ஜி.பி. பார்ப்பது இலவசம். அவசரப் பிரிவில் பார்ப்பது எல்லாருக்கும் இலவசம். காசநோய் போன்ற தொற்றுநோய்களுக்குச் சிகிச்சையும் அப்படியே. வார்டில் சேர்த்தால் விசா இல்லாதவருக்குப் பில் வரலாம். 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் இரண்டு மாதம் விட்டால் அது ஹோம் ஆபீசுக்குத் தெரிவிக்கப்படலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலையிலும் பிரசவத்திலும் பணத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது. பில்லைத் தவணையில் கட்டக் கேட்கலாம்.  நெஞ்சுவலி வந்தால் முதலில் 999. சொலிசிட்டருக்குப் போன் பண்ணுவது அதற்குப் பிறகு.

பிள்ளைகளே, நாளைக்குப் பள்ளியில் யாராவது இப்படி ஓர் எண்ணைச் சொன்னால் சண்டை போடாதீர்கள். கைதா தீர்ப்பா, என்ன குற்றம், எத்தனை பேரில் என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் நீங்களும் ஏதோ கற்றுக்கொள்வீர்கள். பெரியவர்களே, தேநீர் நேரத்தில் நாமும் அதையே கேட்போம். நம் பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடிக்கிறவரின் கேஸ் இன்னும் முடியாமல் இருக்கலாம். மாதாமாதம் கையெழுத்துப் போடப் போகிறவராக இருக்கலாம். இந்தச் சபையில் அவர் பயமில்லாமல் உட்காரட்டும்.