ஸ்கோர் நோட்டில் ஒரு கோடைக்காலம்

(பழைய மாணவர் ஒன்றுகூடலின் முதல் நாள் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



"விடுதி நாட்கள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடத்தைப் பத்து நிமிடத்தில் அடக்க என்னால் ஆகாது. அதனால் ஒரே ஒரு கோடைக்காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோடை என்றால் நம்ம ஊர்க் கோடை இல்லை, இங்கிலாந்துக் கோடை. 1971, ஜூலை, ஆகஸ்ட். நமக்கு இங்கே காலேஜ் திறந்து வகுப்பெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அங்கே அஜித் வடேகர் தலைமையில் நம் அணி மூன்று டெஸ்ட் ஆடப் போயிருந்தது.

இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். அந்த வருட ஆரம்பத்தில்தான் மேற்கிந்தியத் தீவுகளை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள். கவாஸ்கர் என்ற புதுப் பையன் நாலே டெஸ்ட்டில் 774 ரன். நம்ம மதராஸ் வெங்கடராகவன் அந்தத் தொடரில் 22 விக்கெட். அவர்தான் துணைக் கேப்டன். கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர். "படிக்கிற பையன் கிரிக்கெட் ஆடினால் உருப்படமாட்டான்" என்று வீட்டில் யாராவது சொன்னால், நாங்கள் பதிலுக்கு நீட்டிய ஒரே பெயர் அவருடையதுதான். நானும் ஆஃப் ஸ்பின் போடுவேன். விடுதி அணிக்கு நான்தான் கேப்டன். ஆகையால் எனக்கு அவர் தெய்வம்.

இங்கிலாந்து அப்போது லேசுப்பட்ட அணி இல்லை. 26 டெஸ்ட்டாகத் தோல்வியே காணாதவர்கள். அந்த மண்ணில் நாம் அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஜெயித்தது கிடையாது.

டெலிவிஷன் ஏது? டிரான்சிஸ்டர்தான். அதுவும் எங்கள் மாடியில் ஒரே ஒருவனிடம் இருந்தது. அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவன் "ஸ்கோரர்". அதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். சின்ன வயதில் போலியோ வந்து வலது கை சூம்பிப் போனவன். இடது கையால் எழுதுவான். அச்சு மாதிரி எழுத்து. நாங்கள் எங்கே ஆடப் போனாலும் மரத்தடியில் ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருப்பான். அவனை அங்கே உட்கார வைத்தது யார்? நான்தான். அது அவனுக்குச் செய்த உபகாரம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அங்கே பதினொன்றரைக்கு ஆட்டம் ஆரம்பித்தால் நமக்குச் சாயங்காலம் நாலு மணி. கடைசி வகுப்பு முடிந்து ஓடிவந்தால் சரியாக இருக்கும். ஜன்னலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஒரு கம்பி கட்டியிருந்தோம். சிற்றலையில் பி.பி.சி. ஒரு நிமிடம் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்கும்; அடுத்த நிமிடம் கடலுக்குள் போய்விடும். பாட்டரி செல்லுக்கு நாங்கள் காசு போடுவோம். அவன் ஸ்கோர் எழுதுவான். சத்தம் அமுங்கிவிட்டால் அந்தப் பந்துக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டுவிடுவான். "ஏதாவது புள்ளி வைடா, யார் பார்க்கப் போறா?" என்போம். "காதுல விழாததை எழுத மாட்டேன்" என்பான். மறுநாள் பேப்பரில் மொத்தம் பார்த்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வான்.

லார்ட்ஸ் டெஸ்ட்டில் ஜெயிக்க 183 ரன் வேண்டும். கவாஸ்கர் ரன் ஓடும்போது ஜான் ஸ்னோ தோளால் இடித்துத் தள்ளினாரே, அந்த ஆட்டம்தான். அதற்குத் தண்டனையாக அவரை அடுத்த டெஸ்ட்டில் உட்கார வைத்தார்கள். 8 விக்கெட்டுக்கு 145 என்று நாம் தவித்தபோது மழை வந்து காப்பாற்றியது. காப்பாற்றியது நம்மையா அவர்களையா என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சண்டை. மான்செஸ்டரில் சந்தேகமே இல்லை, மழை நம்மைத்தான் காப்பாற்றியது. 420 எடுக்கவேண்டிய இடத்தில் 3 விக்கெட்டுக்கு 65. கடைசி நாள் ஒரு பந்துகூடப் போடவில்லை. அன்றைக்கு வருண பகவானுக்கு மெஸ்ஸில் ஜே போட்டோம்.

ஆக, எல்லாம் ஓவலில் வந்து நின்றது. இங்கிலாந்து 355, நாம் 284. இரண்டாம் நாள் பூராவும் மழை. 71 ரன் பின்தங்கியிருக்கிறோம், இனி டிரா ஆனாலே பெரிசு என்று நினைத்தோம்.

ஆகஸ்ட் 23, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ். லக்ஹர்ஸ்ட் அடித்த பந்து சந்திரசேகர் விரலில் பட்டு எதிர்முனை ஸ்டம்பில் விழுந்தது; ஜேம்சன் ரன் அவுட். உணவு இடைவேளைக்குச் சற்று முன்னால் எட்ரிச் போல்டு. அடுத்த பந்திலேயே பிளெட்சர் சோல்கரிடம் கேட்ச். 3 விக்கெட்டுக்கு 24. அப்புறம் வெங்கட் பந்தில் ஆலன் நாட் கொடுத்ததை, பேட்டுக்கடியில் பாய்ந்து விழுந்து சோல்கர் பிடித்தார். 101 ரன்னுக்கு ஆல் அவுட்! சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6. 2002-ல் விஸ்டன் அதை இந்தியப் பந்துவீச்சில் நூற்றாண்டின் சிறந்த சாதனை என்று தேர்ந்தெடுத்தது. எங்கள் மாடிக்கு அது அன்றைக்கு ராத்திரியே தெரியும்.

சந்திரசேகருக்கும் போலியோதான், வலது கையில்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த மெலிந்த கையாலேயே சாட்டை சொடுக்குகிற மாதிரிப் போடுவார். சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டிருப்பார்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் அல்ல.

அந்த ராத்திரி தாழ்வாரம் பூரா ஒரே ஆட்டம். ஆளாளுக்குச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, டென்னிஸ் பந்தை வைத்து சந்திரசேகர் மாதிரி போட்டுக் காட்டினார்கள். ஒருவன் கையைச் சூம்பின மாதிரி தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே ஓடிவந்தான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் நம்ம ஸ்கோரர் வாசல்படியில் நிற்கிறான். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ரேடியோவை அணைத்தான், கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. காலேஜ் லீவு. மெஸ்ஸில் கொழுக்கட்டை. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. காலையில் அவன் அறைக்குப் போனேன். சமாதானம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "சாயந்திரம் நெட்டுக்கு வாடா, நீயும் பௌலிங் போட்டுப் பாரேன்" என்றேன்.

அவன் சொன்ன பதில் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "ரெண்டு வருஷமா கேக்கலை. சந்திரசேகர் ஆறு விக்கெட் எடுத்தார்னு இன்னிக்குக் கேக்கறே. எனக்கு பௌலிங் வராதுடா. என் கை அவர் கை இல்லை. எனக்கு ஃபீல்டிங் வரும். இடது கையால நல்லா பிடிப்பேன், நல்லா எறிவேன். அதை நீ ஒருநாளும் கேட்டதில்லை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்க்கலாம்" என்றேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவன்தான் கதவைத் திறந்துவைத்தான். ரேடியோ பாடியது. கோபத்தை எங்கள்மேல் வைத்திருந்தானே தவிர, மாட்ச் மேல் காட்டவில்லை. 97 ரன் பாக்கி, கையில் 8 விக்கெட். போன வேகத்தில் வடேகர் ரன் அவுட். உள்ளே போய் டிரெஸ்ஸிங் ரூமில் தூங்கிவிட்டாராம். ஜெயித்த பிறகு கென் பாரிங்டன் வந்து எழுப்பினாராம். நம்மால் தூங்க முடிந்ததா? சர்தேசாய் 40, விஸ்வநாத் 33, ஒவ்வொரு ரன்னும் ஒரு யுகம். அங்கே நம்ம ஊர்க்காரர்கள் செஸிங்டன் மிருகக்காட்சிசாலையிலிருந்து பெல்லா என்ற குட்டி யானையைக் கொண்டுவந்து மைதானத்தைச் சுற்றி நடத்தியிருக்கிறார்கள். பிள்ளையார் அங்கே போய்விட்டார் என்று மெஸ் சமையல்காரர் பிற்பாடு சத்தியம் செய்தார். மூன்று ரன் வேண்டும் என்கிறபோது விஸ்வநாத் அவுட். உள்ளே வந்த அபித் அலி ஒரே பவுண்டரி. 4 விக்கெட்டில் வெற்றி. இந்தியா இங்கிலாந்தில் ஜெயித்த முதல் டெஸ்ட், முதல் தொடர்.

எல்லோரும் தாழ்வாரத்தில் குதித்துக்கொண்டிருந்தோம். அவன் மட்டும் உட்கார்ந்து கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டி முடித்து, அடியில் இரண்டு கோடு போட்டு, அப்புறம்தான் சிரித்தான்.

அந்த வருடம் அதற்குப் பிறகு விடுதி அணி நிறைய மாட்ச் ஆடியது. சில ஆட்டங்களில் ஆள் பற்றாமல் பத்துப் பேரோடுகூட ஆடினோம். அப்போதும் அவன் மரத்தடியில்தான் இருந்தான். அவனை உள்ளே கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கு என்னை உறுத்துகிறது. வேண்டுமென்று செய்திருந்தால் எப்போதோ மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன்.

வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஓடிவிட்டது. 2018-ல் வடேகர் போனபோது அவனுக்குப் போன் செய்தேன். 2023-ல் பேடி போனபோது அவன் எனக்குச் செய்தான். இரண்டு தடவையும் ஓவலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். தாழ்வாரத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

போன வாரம்தான் கேட்டேன். "மேடையில இதைச் சொல்லலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பழைய சிற்றலை மாதிரி. அப்புறம் சொன்னான்: "சொல்லு. ஆனா நடந்ததை மட்டும் சொல்லு. காதுல விழாததைச் சேர்க்காதே." சேர்க்கவில்லை என்று நம்புகிறேன். தப்பிருந்தால் அவன் திருத்துவான். அந்த நோட்டு இன்னும் அவனிடம் இருக்கிறது.

நாளைக் காலை ஏழரை மணிக்கு நம் மைதானத்தில் பழைய மாணவர்களுக்கும் இன்றைய மாணவர்களுக்கும் பத்து ஓவர் மாட்ச். சங்கத்தார் தயவில் கிழவர்கள் அணிக்கு நான்தான் கேப்டன். முழங்கால் என்னுடையது இல்லை, ஆனாலும் கேப்டன். ஸ்கோர் எழுத மாணவர் ஒருவரை ஏற்பாடு செய்தாகிவிட்டது. பதினோராவது பெயரை இன்னும் எழுதவில்லை.

மிட்-ஆஃபில் ஆள் வேண்டும்டா. வருகிறாயா? முடியாது என்று சொல்ல உனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் இந்தத் தடவை "பார்க்கலாம்" என்று நான் சொல்லமாட்டேன்.

பத்து நிமிடம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.